சரக்கு போகும் வழி, காசு திரும்பும் வழி: மதுரை வியாபாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் சிட்டை எழுதத் தொடங்கியவன் நான். பிறகு சொந்தமாக ஏஜென்சி எடுத்து, கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டி ஓட்டினேன். இப்போது வீட்டில் சிறிதாகப் பொருள் செய்கிறவர்களுக்கு, அவர்கள் சரக்கை வாங்கி விற்கிற கடைகளைப் பிடித்துக் கொடுக்கிறேன். பூ விவசாயிகள், அப்பளம் போடும் அக்காமார், புதிதாகக் கடை வைத்த தம்பிமார் என்று பலரும் விநியோகம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

விநியோகம், விநியோகம் என்கிறீர்கள். சரக்கைக் கடையில் கொண்டுபோய் இறக்குவதுதானே அது?

இறக்குவது அதில் ஒரு பகுதி. அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கிடப்பதை முதலில் ஓர் இடத்தில் சேர்க்க வேண்டும். தரம் பிரிக்க வேண்டும். விற்கும்வரை கெடாமல் வைத்திருக்க வேண்டும். மூட்டையாக வந்ததை வாங்குகிறவருக்கு வேண்டிய அளவில் உடைத்துக் கொடுக்க வேண்டும். விற்காமல் போனால் அந்த நட்டத்தை யாராவது தாங்க வேண்டும். இந்த வேலைகளைப் பங்கு போட்டுச் செய்கிறவர்களின் வரிசைதான் விநியோகப் பாதை.

சரக்கு முன்னால் போகிறது, காசு பின்னால் திரும்பி வருகிறது. சரக்கு போகும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். காசு எந்தக் கையில் எத்தனை நாள் நின்று வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. யாருக்குக் காசு கடைசியில் வந்து சேருகிறதோ, அவர்தான் அந்தப் பாதையில் இளைத்தவர். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

வளையங்குளத்தில் பறிக்கிற மல்லிகை என் வீட்டுக்கு வரும்வரை எத்தனை கை மாறுகிறது?

விடியுமுன்பே, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு மொட்டு பறிக்கிறார்கள். மல்லிகை சாயங்காலம் விரியும் பூ. விரிவதற்குள் அது விற்று, கட்டி, வாங்குகிறவர் கைக்குப் போயிருக்க வேண்டும். பறித்த பூ பையிலும் சாக்கிலும் ஏறி, காலையிலேயே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்துவிடும். வளையங்குளம், எலியார்பத்தி, திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்ப் பூவெல்லாம் இங்கே சேர்கிறது. நிலக்கோட்டைக்குத் தனியாகவே பூ மார்க்கெட் உண்டு.

மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் எடை போட்டு, அன்றைய விலைக்கு விற்றுக் கொடுத்து, தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை விவசாயி பேரில் வரவு வைப்பார். அவரிடம் வாங்குகிறவர்கள் பலவகை. வெளியூருக்குப் பெட்டி கட்டுகிற வியாபாரி, விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், பூக்கட்டிக் கொடுக்கும் சிறு வியாபாரி, விலை விழுந்த நாளில் மொத்தமாக அள்ளுகிற சென்ட் ஆலைக்காரர். பூக்கட்டும் பெண்கள் கிலோ கணக்கில் வந்ததை முழக் கணக்காக மாற்றுகிறார்கள். கடைசியில் கோயில் வாசலிலோ தெருமுனையிலோ கூடை வைத்திருக்கும் பூக்கார அம்மா. ஆக, விவசாயியையும் உங்களையும் தவிர்த்து மூன்று கை, சில நேரம் நாலு கை.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். காலை ஆறு மணி விலை பத்து மணிக்கு இருக்காது. மிச்சமானால் நாளைக்கு விற்கலாம் என்ற பேச்சே பூவில் கிடையாது. கோடையில் வரத்து கொட்டும்போது கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். மார்கழி, தைப் பனியில் செடி மொட்டு விடாதபோது அதே பூ ஆயிரங்களைத் தொடும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் என்றால் தனி விலை. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூவை மதுரை மல்லி என்று சொல்லி விற்பதற்கு அது ஒரு தடை; மிக நல்ல விஷயம். ஆனால் விலை இறங்கிய காலையில் அந்தக் குறியீடு விவசாயிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கித் தருவதில்லை.

விவசாயிக்குக் கொஞ்சம், நாங்கள் கொடுப்பது இரண்டு மடங்கு. நடுவில் இருப்பவர்கள்தானே கொள்ளை அடிக்கிறார்கள்?

சில இடத்தில் அடிக்கிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை. எங்கே என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பூக்கார அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கி, கட்டுக்கூலி கொடுத்து, முழம் போட்டு விற்கிறார். நல்ல லாபம் என்று தோன்றும். ஆனால் சாயங்காலம் மழை வந்தால் கூடையில் நிற்பது முழுதும் அவருடைய நட்டம். நாலு நாள் லாபத்தை ஒரு மழை கொண்டுபோகும். அவருடைய லாபத்துக்குள் அந்த நட்டத்தின் கூலியும் இருக்கிறது. தக்காளிக்காரருக்கும் இதேதான். பெட்டியில் அடியில் நசுங்கியது, வெயிலில் வெம்பியது, வாங்குகிறவர் பொறுக்கிப் போட்டு ஒதுக்கியது எல்லாம் நல்ல தக்காளியின் விலையில்தான் ஏற வேண்டும்.

இவர்கள் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிகிறது, தாங்குகிற நட்டமும் தெரிகிறது. வேலையும் செய்யாமல், நட்டமும் தாங்காமல், வேறு வழியில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவர் பங்கு எடுத்தால் அதுதான் கொள்ளை. அது நடக்கிற இடம் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குள் இருக்கிறது.

முன்பணம் வாங்கினால் அந்த மண்டிக்கே போட வேண்டுமா? அதில் என்ன தப்பு?

முன்பணம் என்பது உதவியாகத்தான் ஆரம்பிக்கும். செடிக்கு உரம் போட, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட, ஒரு கல்யாணம் நடத்த, கமிஷன் கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் கொடுப்பார். ஜாமீன் கேட்கமாட்டார், படிவம் நீட்டமாட்டார். வட்டியும் பல நேரம் பேச்சில் வராது. “பூவை நம்ம கடைக்கே போடுங்கண்ணே” என்பது மட்டுந்தான் நிபந்தனை.

அந்த ஒரு நிபந்தனைக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. பக்கத்துக் கடையில் கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதலாகப் போனாலும் நீங்கள் அங்கே போகமுடியாது. எடையில் கழிவு என்று கொஞ்சம் எடுத்தாலும் சண்டை போடமுடியாது. கமிஷனைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசமுடியாது. கூட்டிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 5 கிலோ பூ, கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம் என்றாலே நாளுக்கு 100 ரூபாய். வருடத்தில் 200 நாள் பறித்தால் 20,000 ரூபாய். 50,000 ரூபாய் முன்பணத்துக்கு வருட வட்டி 20,000 என்று சொல்லியிருந்தால் நீங்கள் வாங்கியிருப்பீர்களா? நூற்றுக்கு நாற்பது! வட்டி என்ற பெயரில் வராததால் அது தெரியாமல் போகிறது.

மண்டிக்காரர்கள் எல்லோரும் அப்படி இல்லை. முன்பணமும் கொடுத்து, வெளி விலையும் கொடுக்கிற நேர்மையானவர்களோடு நான் பழகியிருக்கிறேன். ஆனால் விவசாயியின் தலையெழுத்து ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி இருக்கக் கூடாது. அதனால் பூ விவசாயிகளிடம் நான் கெஞ்சிச் சொல்வது: கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். மண்டியில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்பதை உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். வாரம் ஒரு நாளாவது மற்ற கடை விலையைக் கேட்டு, அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நெல், எள், கொப்பரை போல வைத்து விற்கக்கூடிய விளைச்சலாக இருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். கடனும் கிடைக்கும், விலை ஏறும்வரை காத்திருக்கவும் முடியும், யாருக்கு விற்பது என்ற உரிமையும் கையில் இருக்கும். வாடிப்பட்டி விற்பனைக்கூடத்தில் தேங்காய், கொப்பரை ஏலம் நடக்கும்போது ஒருமுறை போய் நின்று பாருங்கள். பல வியாபாரிகள் ஒரே குவியலுக்கு விலை போட்டால் என்ன நடக்கும் என்பது புரியும்.

அப்படியென்றால் எல்லோரும் உழவர் சந்தையிலேயே விற்கலாமே?

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் நம்ம ஊரில்தான் தொடங்கியது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அடையாள அட்டை உள்ள விவசாயி கடை வாடகை இல்லாமல் உட்கார்ந்து, மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் விற்கலாம். காசு அன்றைக்கே கையில். காத்திருக்கிற நாள் பூஜ்யம். நான் பார்த்த பாதைகளில் காசு இவ்வளவு சீக்கிரம் திரும்புவது இங்கேதான்.

ஆனால் இங்கே நடுவிலிருந்தவரின் வேலையை விவசாயியே செய்கிறார். விடியக்காலையில் வண்டி ஏற்றி, பாதி நாள் உட்கார்ந்து, சில்லறை கொடுத்து, மிச்சத்தைச் சுமந்து திரும்ப வேண்டும். கீரை, கத்தரி, வெண்டை என்று தினம் கொஞ்சம் பறிக்கிற குடும்பத்துக்கு இது மிகப் பொருத்தம். ஒரே நாளில் இரண்டு டன் தக்காளி அறுக்கிறவர் அதை அண்ணா நகரில் கிலோ கிலோவாக விற்கமுடியாது. அவருக்குப் பரவை மார்க்கெட்டோ, மாட்டுத்தாவணி மார்க்கெட்டோ, கேரளாவுக்கு லாரி பிடிக்கிற ஒட்டன்சத்திரமோதான்.

பால் மட்டும் எப்படித் தினமும் ஒரே மாதிரி வருகிறது?

பாதையைக் கட்டியவர்கள் மாடு வைத்திருப்பவர்களே என்பதால். கிராமத்தில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் இணையம் என்று ஆவின் மூன்றடுக்குக் கூட்டுறவு. உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அம்மா இரண்டு லிட்டர் கொண்டுபோய் ஊற்றினாலும் கொழுப்பும் மற்ற சத்தும் பார்த்து விலை போடுகிறார்கள். அங்கிருந்து குளிரூட்டும் நிலையம், பிறகு சாத்தமங்கலம் பால் பண்ணை, அங்கிருந்து விடியலில் பூத். நகரத்தில் மாத அட்டைக்கு முன்கூட்டியே காசு கட்டுகிறோம், கவனித்தீர்களா? பால் வருமுன்பே காசு வந்துவிடுகிறது. மல்லிகைப் பாதைக்கு நேர் எதிர். என்றாலும் சங்கத்தில் பட்டுவாடா தாமதமானால் மாடு வைத்திருப்பவர் தனியார் பால் வண்டிக்கு மாறிவிடுவார். அந்த மாற்றத்துக்கு விலையைவிடத் தாமதமே காரணமாக இருப்பதைப் பல ஊரில் பார்த்திருக்கிறேன்.

ரேஷன் கடையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

கட்டாயம். நேரடி நெல் கொள்முதல் நிலையம், அரவை ஆலை, நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கு, கூட்டுறவுக் கடை என்று அது முழுப் பாதை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அங்கே லாபம் பார்ப்பவர் இல்லை. அந்தச் செலவை அரசு ஏற்கிறது, அதாவது நம் வரிப்பணம்.

“விருதுநகர் மார்க்கெட் நிலவரம்” என்று பேப்பரில் போடுகிறார்களே, அதற்கும் மதுரைக் கடைக்கும் என்ன சம்பந்தம்?

பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் மூன்றுக்கும் நம் பக்கம் விலை பேசுகிற ஊர் விருதுநகர். எல்லாம் அங்கேயே விளைவதில்லை. சேர்வதும் பேசுவதும் அங்கே. உளுந்தையே எடுங்கள். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் குறைந்தால் இறக்குமதியாளர் விலை ஏற்றுவார், விருதுநகரில் நிலவரம் ஏறும், கீழமாசி வீதி மொத்தக் கடையில் சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, விலை ஏறும், செல்லூரில் அப்பளம் போடுகிற அக்காவின் மாவுச் செலவு ஏறும். ஆனால் அவருடைய பாக்கெட்டில் அச்சடித்த விலை மூன்று மாதத்துக்கு மாறாது. அந்த மூன்று மாதமும் அவர் கையைக் கடிக்கும். சிறு தயாரிப்பாளர்கள் காலையில் அந்த நிலவரத்தைப் பார்த்துவிட்டே அடுப்பு பற்ற வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கம்பெனிச் சரக்கில் சி அண்ட் எஃப், ஸ்டாக்கிஸ்ட் என்று ஏன் இத்தனை பேர்?

சி அண்ட் எஃப் என்பவர் கம்பெனியின் கிடங்குக்காரர். சரக்கு அவருடையது இல்லை; வைத்து, பிரித்து, அனுப்பிக் கூலி வாங்குகிறார். டிஸ்ட்ரிபியூட்டர் காசு கொடுத்துச் சரக்கை வாங்குகிறார்; அப்போதிருந்து அது அவருடைய சொத்து, அவருடைய தலைவலி. சின்ன ஊர்களுக்கு அனுப்ப சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் வைத்து, அவருக்குக் கீழே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சிறு ஸ்டாக்கிஸ்டுகளைப் போடுவார்கள். பொதுவாகப் பெரிய கம்பெனிச் சரக்கில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு, கடைக்காரருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு நிற்கும். அதில் குடோன் வாடகை, வண்டி, ஆர்டர் எடுக்கிற பையனின் சம்பளம், கடனில் நிற்கும் காசின் வட்டி எல்லாம் போக மிஞ்சுவது லாபம்.

ஏன் இத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கு. பத்துத் தயாரிப்பாளர்கள், இருநூறு கடைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகப் போனால் 2,000 நடை. நடுவில் ஒருவர் பத்துப் பேர் சரக்கையும் ஒரே வண்டியில் ஏற்றினால் 210 நடையில் முடியும். அந்த மிச்சம்தான் அவருடைய சோறு.

நான் வீட்டில் அப்பளம் போடுகிறேன். கடைகளுக்கு நானே கொடுக்கவா, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிக்கவா?

அக்காமார் அதிகம் கேட்கும் கேள்வி இது. உங்கள் பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெயர் தெரியாத புதுச் சரக்குக்குக் கடைக்காரர் நூற்றுக்கு இருபது கேட்பார். கொடுத்துத்தான் ஆக வேண்டும். 40 ரூபாய்க்கு அவருக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அவருக்கு ஒரு 4 ரூபாய், நிற்பது 36. வண்டி வாடகைக்கு 1 ரூபாய், உடைந்தது திரும்பியதற்கு 1 ரூபாய் ஒதுக்குங்கள். 34 ரூபாய் உங்கள் கைக்கு. உளுந்து, கூலி, கவர், கரண்டு எல்லாம் சேர்த்து 30-க்குள் அடங்கினால்தான் உங்களுக்கு 4 ரூபாய்.

பலரும் 30 ரூபாய் ஆகிறது, 36-க்கு விற்கலாம் என்று அடியிலிருந்து கணக்குப் போட்டு எம்.ஆர்.பி. அச்சடித்துவிடுகிறார்கள். பிறகு கடைக்காரர் பங்குக்கு இடமே இருக்காது. கணக்கை மேலிருந்து கீழே போடுங்கள்: வாங்குகிறவர் எவ்வளவு கொடுப்பார் என்பதிலிருந்து.

நீங்களே டூ வீலரில் போனால் அந்த 4 ரூபாய் மிச்சம். ஒரு நாளில் 25 கடை, கடைக்கு 6 பாக்கெட் என்றால் 150 பாக்கெட், 600 ரூபாய். பெட்ரோல் போக அது உங்கள் ஒரு நாள் கூலி, அவ்வளவுதான். அன்றைக்கு அப்பளம் போட ஆளிருக்காது. ஆனாலும் முதல் ஆறு மாதம் நீங்களே போங்கள் என்பேன். எந்தக் கடையில் எது போகிறது, எந்தக் கவர் கண்ணில் படுகிறது, யார் காசு கொடுப்பார், யார் அலைய விடுவார் என்பது அந்த ஆறு மாதத்தில்தான் தெரியும். அது தெரியாமல் டிஸ்ட்ரிபியூட்டரிடம் போனால் அவர் சொல்வதுதான் உங்களுக்கு உலகம்.

பாக்கெட்டில் பெயர், முகவரி, எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், புகாருக்கான போன் நம்பர் கட்டாயம் இருக்கட்டும்.

கடைக்காரர் “வித்தா காசு தர்றேன், வச்சுட்டுப் போங்க” என்கிறார். வைக்கலாமா?

முதல் தடவை, ஒரு டஜன் மட்டும், வைக்கலாம். இரண்டாம் தடவையிலிருந்து பில்லுக்குப் பில்: பழைய பில் காசு கொடுத்தால்தான் புதுச் சரக்கு. இதைச் சிரித்த முகத்தோடு, ஆனால் விடாமல் சொல்லப் பழகுங்கள்.

இதில் நான் பட்டிருக்கிறேன். ஏஜென்சி எடுத்த புதிதில் ஒரு பெரிய கடைத் தொடருக்குச் சரக்குக் கொடுத்தேன். அறுபது நாள் தவணை என்றார்கள். பெரிய கடை என்ற பெருமையில் கையிருப்பு எல்லாவற்றையும் அங்கே இறக்கினேன். அறுபது தொண்ணூறாகி, தொண்ணூறு ஆறு மாதமானது. கேட்கப் போனால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வார்கள். என் புத்தகத்தில் லாபம், பெட்டியில் காசில்லை. தம்பி மனைவியின் நகையை அடகு வைத்து அந்த மாதச் சம்பளம் கொடுத்தேன். அந்தக் காசு முழுதாக வரவேயில்லை. அதன் பிறகு எந்தக் கடைக்கும் என் மொத்த வியாபாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்ததில்லை.

சட்டம் உங்களுக்கு ஒரு கைத்தடி தந்திருக்கிறது. பொருள் செய்கிறவராக, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்திருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் காசு தர வேண்டும். தாமதமானால் வட்டியும் உண்டு. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். தெருமுனைக் கடைக்கு இதைக் காட்டி மிரட்டாதீர்கள். பெரிய கடையில் முதல் பில்லிலேயே பதிவு எண்ணை அச்சடித்து, சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்தும் சீலும் வாங்கி வையுங்கள்.

காலாவதியான சரக்கை யார் தலையில் கட்டுவது?

முன்கூட்டியே பேசினால் சண்டை இல்லை. நானாக இருந்தால் தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கடைக்குப் போய் நின்றதை எடுத்து, வேகமாக விற்கிற கடைக்கு மாற்றிவிடுவேன். தேதி முடிந்ததை ஒருபோதும் கவர் மாற்றி விற்காதீர்கள். சாப்பிடுகிறவர் வயிறு அது.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறார்களே, இனி பலசரக்குக் கடை நிற்குமா?

அவர்களும் அந்தந்தப் பகுதியில் குட்டிக் குடோன் வைத்திருக்கிறார்கள், ஓடிவந்து கொடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள். வேலைகள் அதேதான், செய்கிற ஆள் மாறியிருக்கிறார். பெரிய கடையில் ஒரு ரூபாய் குறைவாக இருப்பதற்கும் காரணம் மொத்தமாக வாங்குவதும் கம்பெனி தரும் ஸ்கீம் என்கிற சலுகையும்தான். நம்ம தெரு அண்ணாச்சி கடையில் மட்டுமே கிடைப்பது ஒன்று உண்டு: “நோட்டுல எழுதிக்கங்க, ஒண்ணாந்தேதி தர்றேன்.” கட்டட வேலைக்குப் போகிற குடும்பம் மாதக் கடைசி வாரம் சமைப்பது அந்த நோட்டை வைத்துத்தான். அந்தக் கடைகள் மூடினால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் யாரென்று நான் கவலையோடு நினைப்பதுண்டு.

எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால்?

கொடுக்காதீர்கள். அது எல்லா வரியும் சேர்ந்த விலை. பில் கேளுங்கள், தொழிலாளர் துறையில் எடையளவுப் பிரிவிலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ சொல்லலாம்.

ஜி.எஸ்.டி., இ-வே பில் எப்போது?

மாநிலத்துக்குள்ளேயே பொருள் மட்டும் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பதிவு. வெளிமாநிலத்துக்கு விற்பதாக இருந்தால் முதலிலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வரி உள்ள சரக்கு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேலும் வண்டி ஏறினால், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும்.

சரி அண்ணே, நாளைக்குச் சரக்கோடு கிளம்புகிறேன். முதலில் எந்தக் கடைக்குப் போக?

உங்கள் தெருவில் உங்களைத் தெரிந்த கடைக்கு வேண்டாம். தயவுக்காக வாங்கி வைப்பார், விற்கமாட்டார். இரண்டு தெரு தள்ளிப் போங்கள். காலை பதினொரு மணிக்கு மேல், கூட்டம் குறைந்தபின் போங்கள். ஒரு பாக்கெட்டைப் பொரித்துக் கொண்டுபோய்க் கடைக்காரரையே கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு பாக்கெட் கொடுத்துப் பில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த செவ்வாய் வருகிறேன் என்று சொல்லி, அடுத்த செவ்வாய் அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். போகும்போது பில் புத்தகமும் சில்லறையும் பையில் இருக்கட்டும்.